பீச் பழம் ஆகாத படையல்

ஆய்வுக்கூடத்தின் பின்புறம், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு கருங்கல் நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை, இலையுதிர் காலத்தில், யோங்கின் நகரில் நாய்களைக் குளோனிங் முறையில் நகலெடுக்கும் அந்தக் கூடத்து ஆட்கள் வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டுக் கறுப்பு உடுத்தி அதன் முன் கூடுவார்கள். சோதனைகளில் இறந்த விலங்குகளுக்கான படையல் அது.

அங்கே ஆய்வாளராக இருக்கும் ஹேரான் ஆப்பிள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஓக்ஜு வந்தாள். ஒரு கையில் பீச் பழக் கூடை, மறுகையில் நீலக் குளிர்ப்பெட்டி. கூடையைப் படையல் மேசையின் ஓரத்திலேயே வைத்தாள்.

பீச் இருக்கும் இடத்துக்கு இறந்தவர்களின் ஆவிகள் அண்டாது என்பது நம்பிக்கை; படையலில் அதை வைக்கமாட்டார்கள். ஹேரான் அதைச் சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். அக்கா வீட்டில் இறந்துபோன தாவோனின் படத்துக்கு முன்னும் எப்போதும் ஒரு தட்டு பீச் இருக்கும். மகளுக்குப் பிடித்த பழம். உறவுக்காரர்கள் முணுமுணுத்தால், “செத்தவங்களுக்குத்தானே ஆகாது? என் பொண்ணுக்கு என்ன?” என்று கேட்பாள்.

குளிர்ப்பெட்டிக்குள் இருந்தது தாவோனின் தோல் துணுக்கு. குழந்தை கண்மூடும் முன் எடுத்து உறையவைத்தது.

“இன்னைக்காவது வாங்கிக்கோடி.”

“சட்டம் விடாதுக்கா. என்னை உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க.”

“ஊர்ல எவ நாய் செத்தாலும் புதுசு செஞ்சு குடுக்குறே. கூடப் பொறந்தவ அழுதா மட்டும் சட்டம் பேசுறே. நானும் நாலு கால்ல வந்து குரைக்கணுமா?”

பக்கத்தில் நின்ற ஆய்வாளர் ஒருத்தி சிரித்துவிட்டுச் சட்டென்று தலைகுனிந்தாள்.

“பொறக்கிறவ தாவோனா இருக்கமாட்டாக்கா. வேற ஒருத்தி. செத்துப்போனவளா வாழுன்னு அவளை எப்படிக் கேப்பே?”

“எனக்கு அந்த முகம் போதும்.”

ஹேரானுக்கும் அந்த முகம் வேண்டியிருந்தது.

சடங்கு தொடங்கியது. கூடத்து இயக்குநர் பாங் அரிசி மதுவை ஊற்றினார். எல்லோரும் நெற்றி தரையில் பட இரண்டுமுறை விழுந்து வணங்கினார்கள்.

“நாய்ங்களுக்கா இப்படி விழறீங்க?” ஓக்ஜுவின் குரல் இறங்கியிருந்தது.

“ஆமாக்கா. ஒரு குட்டி நிலைக்கிறதுக்குள்ள எத்தனையோ குட்டிங்க வயித்துலயே போயிடும். சிலது பொறந்து மூச்சுமுட்டிப் போயிடும்.”

“எல்லாத்துக்கும் ஒரே முகமா?”

“ஒரே முகந்தான்.”

ஓக்ஜு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். குளிர்ப்பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“தாவோனுக்கு நான் விழவே இல்லடி. பெத்தவ பிள்ளைக்கு விழக்கூடாதுன்னு பெரியவங்க கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. அந்த ஒருத்திக்கே விழாதவ… இத்தனை தாவோன் செத்தா, யாருடி விழுவா?”

ஹேரான் அவள் தோளில் கைவைத்தாள். அக்கா அதைத் தட்டிவிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓக்ஜு எழுந்தாள். மேசையோரத்துப் பீச் கூடையை எடுத்துக்கொண்டு, மரங்களைத் தாண்டி வண்டி நிறுத்துமிடம்வரை போய் வைத்துவிட்டு வந்தாள். குளிர்ப்பெட்டியை மறுபடி நீட்டவில்லை.

“வரட்டும், பாவம்,” என்றாள் கல்லைப் பார்த்து. பிறகு காலணியைக் கழற்றி, மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தாள். வெகுநேரம் எழவில்லை.

எழுந்ததும் தங்கையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

“வீட்டுலயும் எடுத்துடணும்டி, அந்தத் தட்டை.”