செல்வதாஸின் பசுமை அடுப்பு

திருச்சபைச் செயலாளர் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், அதில் நிற்கவிருந்த செல்வதாஸுக்கு இயற்கையின் மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. சுற்றுச்சூழல் ஞாயிறன்று ஆலயத்தில் எழுந்து நின்றார். "இனி எங்க வீட்டில சாண வறட்டியிலதான் சமையல். கேஸ் கனெக்‌ஷனை நாளைக்கே திருப்பிக் குடுக்கேன்" என்று முழங்கினார். சபையார் கைதட்டினார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி சத்தியபாய்க்கும் விஷயம் அப்போதுதான் தெரிந்தது.

சொன்னபடியே திங்கட்கிழமை தக்கலைக்குப் போய் இணைப்பை ஒப்படைத்தார். அந்த ரசீதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியதோடு அவருடைய தொண்டு முடிந்தது. பக்கத்து வீட்டு கிளீட்டஸின் மாட்டுத் தொழுவத்தில் சாணம் அள்ளுவது, பிசைவது, தட்டுவது, அடுப்பை ஊதுவது எல்லாம் சத்தியபாயின் பாடு.

ஆனி மாதம். துவைத்த துணியே மூன்று நாளுக்குக் காயாது. மதிலில் தட்டிய வறட்டி மழையில் கரைந்து ஓடைக்குப் போனது. தென்னை ஓலையும் காய்ந்த பாளைக் கொதும்பும் எரித்துப் பழகிய ஊரில் வறட்டியைப் பற்றி யோசனை கேட்கவும் ஆளில்லை. ஆனால் செல்வதாஸுக்குத் தெரியாதது எது? ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையில் வறட்டிகளை அடுக்கி, கீழே ரப்பர் விறகைப் போட்டு எரிக்கச் சொன்னார். நான்கே நாளில் அரை லோடு விறகு சாம்பலானது.

"இந்த வெறகை அடுப்பில வச்சிருந்தா ரெண்டு மாசத்துக்கு சோறு பொங்கியிருக்கலாமே" என்றாள் சத்தியபாய்.

"வெறகில சமைச்சா மரம் அழியும். ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

பாதி உலர்ந்த வறட்டி எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். மூன்றாவது வாரம் அவளுக்கு இருமல் நெஞ்சைப் பிடித்தது.

"மூச்சு முட்டுது. கேஸைத் திரும்ப எடுங்க."

"தேர்தல் கழியட்டும், பாப்போம்" என்றார், பேப்பரைக்கூடத் தாழ்த்தாமல். என்ன ஜென்மமோ!

அடுத்த வியாழக்கிழமை போதகரும் கமிட்டிக்காரர்கள் நான்கு பேரும் அந்தப் புனித அடுப்பில் வெந்த சாப்பாட்டைச் சாப்பிட வந்தார்கள். மீன்குழம்பை இரண்டாம் முறை வாங்கிக்கொண்ட போதகர், "வறட்டித் தீக்கு ருசியே தனி. அம்மா, நீங்களும் ஒரு சாட்சி சொல்லணும்" என்றார். செல்வதாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

சத்தியபாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் என்னத்தச் சொல்ல? எல்லாம் அவருக்க தீர்மானம். நாளைக்கு முதல் தேர்தல் கழியதுவரைக்கும் அடுப்படி முழுக்க அவருக்குத்தான். நான் அந்தப் பக்கமே வரப்பிடாதாம். சாணம் அள்ளுகதும் அவரேதான்."

"அல்லேலூயா!" என்றார் போதகர். கமிட்டி கைதட்டியது. செல்வதாஸும் கூடவே தட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் ஊதத் தொடங்கினார். எட்டு மணிக்கும் சாயாத் தண்ணீர் கொதிக்கவில்லை, கண்கள்தான் கொதித்தன. சத்தியபாய் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

கேஸ் ஏஜென்சி திறந்தபோது வாசலில் முதல் ஆளாக நின்றவர் செல்வதாஸ்.

"காரணம்னு இருக்குல்லா சார், அங்கே எழுதுங்க" என்று படிவத்தை நீட்டினாள் கவுண்டரில் இருந்த பெண்.

சிவந்த கண்களைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு செல்வதாஸ் எழுதினார்: 'மனைவிக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் படும் பாட்டை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.'