பால் காயாத களாக்காய்

முதல் பை களாக்காயைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, வெல்டர் கொடுத்தனுப்பினார் என்று லேத்துக்காரர் சொன்னபோது டெய்லரம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கட்டிய புருஷன் சொல்கிறார். வெல்டரும், லேத் மிஷினில் இரும்பு கடைகிற அவரும் ஒரே பட்டறையில் எத்தனையோ வருஷமாகச் சேர்ந்து வேலை பார்ப்பவர்கள். வீட்டு வேலியில் தானாக வளர்ந்து காய்க்கிறதைத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது நல்ல மனுஷர்கள் செய்கிற காரியம்தானே. அவளுக்கு இருந்த கவலையெல்லாம் இவ்வளவு புளிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான்.

களாக்காய் லேசுப்பட்டதல்ல. கீறினால் பால் வடியும். அந்தப் பால் கத்தியில் ஒட்டும், விரலில் ஒட்டும், அசந்தால் பாத்திரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு நாரால் தேய்த்துத் தேய்த்தே நம்மை ஓயவைக்கும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீறி விதையை எடுத்தாள். தண்ணீர் விட்டு வேகவைத்து, மசித்து, வடிகட்டி, சர்க்கரையைக் கொட்டிக் கிளறினாள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறியதும் நடுவில் விரலால் கோடு இழுத்தாள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றது. நல்ல சிவப்பில், கடையில் வாங்கியது என்று சத்தியம் செய்யலாம் போல ஜாம் வந்திருந்தது.

வாங்கின பையை வெறும் பையாகத் திருப்பி அனுப்புவது அவள் வம்சத்திலேயே கிடையாது. மறுநாள் காலையில் ஒரு பாட்டிலைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

"வெல்டர் தம்பிகிட்ட மறக்காம குடுத்துருங்க."

"எதுக்கு இதெல்லாம்?"

"அவர் குடுத்தார்ல? நாம மட்டும் கையை நீட்டி வாங்கிக்கிட்டு சும்மா இருக்கறதா?"

அந்தப் பாட்டில்தான் வினையாகப் போயிற்று. வெல்டருக்கு ஜாம் ரொம்பப் பிடித்துவிட்டதாம், இன்னொரு பை வந்தது. அதற்கு இன்னொரு பாட்டில் போயிற்று. அப்புறம் காய் வருவதும் ஜாம் போவதும் வழக்கமாகிவிட்டது. தையல் மிஷினுக்குப் பக்கத்து அலமாரியில் நூல்கண்டுகளைத் தள்ளிவிட்டு பாட்டில்கள் இடம்பிடித்தன. ரவிக்கை தைக்க வந்தவர்களுக்கெல்லாம் ஜாம் கொடுத்தாள். மாடியில் குடியிருந்த நாத்தனார் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணி, போதும். ஜாம்னு சொன்னாலே எங்க வீட்டுப் பசங்க கட்டிலுக்கு அடியில பூந்துக்குதுங்க."

லேத்துக்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் புது ஆளாகியிருந்தார். கொண்டுவந்த காயை வாசல் குழாயிலேயே அலசித்தான் உள்ளே எடுத்து வருவார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷர் காய் கழுவித் தருகிறாரே என்று டெய்லரம்மா பூரித்துப் போயிருந்தாள். ஒரு சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரவில்லை. பையை அப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அவள் ஒரு காயை எடுத்தாள். காம்பு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு துளி. தொட்டாள், விரலோடு நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படியே. வெல்டர் காலையில் பறித்துக் கொண்டுவந்து, பட்டறையில் பகலெல்லாம் கிடந்த காய் என்றால் பால் எப்போதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். இத்தனை கிலோ களாக்காயோடு மல்லுக்கட்டியவளுக்கு அது தெரியாதா? இது இப்போதுதான் பறித்தது. வருகிற வழியில் இவரே பறித்தது.

கொடியில் கிடந்த அவருடைய சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு கையிலும் களா முள் இழுத்து நூல் பிரிந்திருந்தது. அதைவிட, சட்டையில் மிஷின் ஆயில் வாசனையே இல்லை. இரும்புச் சுருள் தெறித்த பொட்டு ஒன்றுகூட இல்லை. சமீபகாலமாக அவர் துணி சுலபமாக வெளுக்கிறதே என்று புது சோப்பைப் பாராட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்கும் சிபாரிசு செய்திருந்தாள். சோப்புக்குப் போய்ச் சேர்ந்த புகழை நினைத்து இப்போது எரிச்சலாக வந்தது.

சின்ன வீடு ஏதாவது வைத்துக்கொண்டாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். முள்புதருக்குள் எவள் இவருக்காகக் காத்திருப்பாள் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்று ராத்திரி அந்தச் சட்டையை இன்னொரு தடவை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காய்கறிக் கடையில் வெல்டரே எதிரில் வந்தார்.

"அண்ணி! நல்லா இருக்கீங்களா? அண்ணன் இல்லாம பட்டறையே வெறிச்சோடிக் கிடக்கு. ஆர்டர் இல்லன்னு ஆளைக் குறைச்சாங்க, அதுல அண்ணன் தலையிலயா கை வைக்கணும்? வேற எங்கயாவது சேந்துட்டாரா?"

அவள் கையிலிருந்த தக்காளியைத் திரும்பக் கூடையிலேயே போட்டாள். ஆனாலும் சுதாரித்தாள். "பாத்துக்கிட்டுதான் இருக்கார், தம்பி." கிளம்பப் போனவள் மனசு கேட்காமல் திரும்பினாள். "உங்க வீட்டுல களா வேலி இருக்கா?"

"வேலியா? மூணாவது மாடியில குடியிருக்கேன், அண்ணி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். என்னை என்னவென்று நினைத்தார்? தினம் சாப்பாடு கட்டிக் கொடுத்தேனே, எங்கே உட்கார்ந்து அதைத் தின்றார்? வரட்டும், இன்றைக்கு உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன். கதவைத் திறந்ததும் அலமாரியில் வரிசையாக நின்ற பாட்டில்கள் கண்ணில் பட்டன. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஓரம் அடிக்க வேண்டிய பாவாடையை எடுத்து அடித்தாள்.

சாயங்காலம் அவர் பையோடு வந்தார். அவள் எண்ணெயைத் தடவிக்கொண்டு காயைக் கீற உட்கார்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து விதையெடுக்க ஆரம்பித்தார். வாயில் தயாராக இருந்த வசவு அவருடைய கைக் கீறல்களைப் பார்த்ததும் பின்வாங்கியது. வேறு வழியாகப் போனாள்.

"வெல்டர் தம்பியைக் குடும்பத்தோட ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்க. இவ்வளவு காய் குடுத்திருக்கார்."

அவர் கை நின்றது. "அவர் வரமாட்டார்."

"ஏன்?"

கையிலிருந்த காயை உருட்டினார். "அவருக்கு வேலை போயிடுச்சு."

அவள் தலை நிமிராமல் அடுத்த காயைக் கீறினாள். "அடப் பாவமே. வேற இடத்துல கேட்டுப் பாத்தாரா?"

"ஏறி இறங்காத பட்டறை இல்ல. போற எடத்துல நல்லபடியா இருக்கட்டும்னு உன் ஜாமையும் குடுத்துப் பாத்தார். ஜாமை வாங்கிக்கிட்டாங்க. வேலை இல்லன்னுட்டாங்க."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அப்புறம் இந்தக் காய்?"

"பழைய கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால காடா மண்டிக் கிடக்கு. பொழுது போகணும்ல. அதோட, சாயங்காலம் வெறுங்கையோட வீட்டுக்குள்ள வர அவருக்கு மனசு வரல."

"வீட்டுல சொன்னாரா?"

"இல்ல."

"ஏன், பொண்டாட்டி அடிச்சிருவாளா?"

"அதில்ல." அவர் எடுத்த விதையைத் தட்டில் போட்டார். "சொன்னதும் அவ முகம் ஒரு மாதிரி ஆயிடுமே. அதைப் பாக்கற தைரியம் அவருக்கு இல்ல."

டெய்லரம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ முகம் இப்ப எப்படி இருக்குன்னு பாத்தாரா?"

"இல்ல. குனிஞ்சேதான் இருக்கார்."

"பாக்கச் சொல்லுங்க."

லேத்துக்காரர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். அவள் எங்கேயும் திரும்பிக்கொள்ளாமல் அவர் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார். கண் கலங்கிவிட்டது.

"நல்லாப் பாருங்க. கொலைவெறியில இருக்கேன். வேலை போனதுக்கு இல்ல."