அரைஞாணும் கம்பி வண்டியும்

தன் பெயரில் திறந்த கடைக்குள் ஐந்து மாதமாகக் காலெடுத்து வைக்காத பெண்மணி ஆரணியில் ஒருத்திதான் இருந்தாள். அபிதகுசாம்பாள். கடையின் பெயர் அபிதகுசாம்பாள் ஸ்டோர்ஸ். கடைக்காரர் கந்தசாமி, அவளுக்குத் தாலி கட்டிய புருஷன். அவள் பெயரை முழ நீள எழுத்தில் பலகையில் ஏற்றி வைத்த மனுஷனிடம் ஒரு பாக்கெட் உப்பு கூட அவள் வாங்கியதில்லை. நேர் எதிரே பொன்னுசாமியின் பழைய மளிகைக் கடையில் நின்று, துவரம்பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து வாங்கினாள். அதுவும் காலை பத்து மணிக்கு, பஜாரே பார்க்கிற நேரத்தில்.

இது எண்பத்தாறாம் வருஷம் நடந்தது. புடவைக் கட்டுகளோடு மெட்ராஸ் போன கந்தசாமி, வந்த வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. ஒரு பெரிய கடைக்குள் ஜனங்கள் தாங்களே சாமானை எடுத்துக் கம்பி வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டார். அன்றோடு போயிற்று அவருடைய தூக்கம். பட்டு வியாபாரத்தைத் தம்பி தலையில் கட்டினார். புடவைக் கிடங்காக இருந்த கட்டிடத்தில் அலமாரிகள் அடித்தார். மெட்ராஸ் கடை ஒன்று கழித்துக் கட்டிய மூன்று வண்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வண்டி ஏற வேண்டுமே என்று வாசலில் இருந்த நாலு படியையும் வாசற்படியையும் இடித்துவிட்டுத் தெரு வரைக்கும் வழுவழுவென்று சிமெண்ட் சரிவு போட்டார். கொத்தனாரே அதன் அழகில் மயங்கிப் போனான்.

கடை திறந்த அன்று ஆரணி திரண்டு வந்தது. எடுத்துக்கொள் என்றால் எடுப்பதற்கு நம் ஜனங்களுக்குக் கூச்சம். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். குழந்தைகளுக்கு அந்தக் கூச்சம் ஏது? இடுப்பில் இருந்தவை எல்லாம் வண்டியைக் காட்டி அழுதன. ஒரு தாய் இறக்கி உட்கார வைத்தாள். அவ்வளவுதான், அடுத்த கால் மணியில் மூன்று வண்டியிலும் பிள்ளைகள். சர்க்கரைக்கும் சேமியாவுக்கும் இடமில்லை. கந்தசாமிக்கு மனசு நிறைந்துவிட்டது. பிள்ளைகள் வந்தால் தாய்மார்கள் வருவார்கள், தாய்மார்கள் வந்தால் வியாபாரம் தானாக வரும் என்று கணக்குப் போட்டார். அது சரியாகவும் இருந்தது.

அன்றைக்கு அபிதகுசாம்பாளும் வாசல் வரை வந்தாள். சட்டை மட்டும் போட்ட ஒரு பிள்ளை வண்டியில் உட்கார்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே அரைஞாண் கயிற்றைத் தவிர அதன் மேல் ஒன்றுமில்லை. பிள்ளையைத் தூக்கிய கையோடு அதன் தாய் அதே இடத்தில் வெல்லப் பொட்டலத்தை வைத்தாள். அபிதகுசாம்பாள் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இன்னாத்துக்கு வந்த வழியே போய்ட்ட?" என்று கந்தசாமி மத்தியானம் சாப்பாட்டில் கேட்டார்.

"ஊர்ல இருக்கற புள்ளைங்க பூரா அம்மணமா குந்தற எடத்துல நான் பருப்பு எடுத்துகினு வரணுமா? அந்தக் கைப்பிடிய பாத்தீங்களா? ஒண்ணு சப்பிட்டு எறங்குது, இன்னொண்ணு ஏறி சப்புது. ஒண்ணுக்குச் சளி புடிச்சா ஊருக்கே புடிக்கும். அது வுழுந்து மண்ட ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? எம் பேர வேற எழுதி வெச்சிருக்கீங்க."

கந்தசாமி மோரை ஊற்றிக்கொண்டார். பேசியிருந்தால் மோரும் கிடைத்திருக்காது.

அவர் ஒன்றும் செய்யாமல் இல்லை. 'வண்டியில் சாமான்கள் மட்டும்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். அட்டையைப் பிய்த்து ஒரு பிள்ளை வாயில் போட்டுக்கொண்டது. வண்டிக்குள் தினம் ஒரு செய்தித்தாள் விரித்தார். அதையும் தின்றன. கண்டிப்பாக இருந்து பார்ப்போம் என்று ஒரு நாள் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்றார். அன்று கடையில் ஈ ஆடியது. மறுநாளே கண்டிப்பு மூட்டை கட்டிக்கொண்டது.

இதற்குள் எதிர்க் கடைப் பொன்னுசாமிக்குப் பொழுது போக நல்ல வழி கிடைத்திருந்தது. கந்தசாமியின் கடைக்குள் நுழையப் போகிற ஆளை, "போங்க, போங்க. அந்தம்மா வூட்டுச் சாமான் மட்டும் எங்கிட்டத்தான் வாங்கறாங்க, நல்லா இருக்குதாம்" என்று சிரித்துக்கொண்டே வழியனுப்புவான். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். சொந்தப் பெண்சாதி நம்பாத கடையை வேறு யார் நம்புவார்கள்? இப்படியே போனால் தை மாசம் கடை இருக்காது என்று கந்தசாமிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், கடையை விட அதிகமாக அவரை வாட்டியது, இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பதுதான்.

வருகிறவர்களில் தவறாமல் வந்தவள் தேவகி. கொசப்பாளையத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தறி நெய்கிற வீடு. அவளுக்கு ஒன்றே கால் வயதில் ஒரு பையன். பெயர் மட்டும் பெரிதாக மாணிக்கவேல். வண்டியில் அவனை உட்கார வைத்ததும் தேவகி ஒரு காரியம் செய்வாள். நெய்து மீந்த பட்டு இழைகளை முறுக்கி வைத்த கயிறு ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்து, ஒரு முனையைப் பையனின் அரைஞாணிலும் மறுமுனையை வண்டிக் கம்பியிலும் கட்டுவாள். முதல் தடவை பார்த்தபோது கந்தசாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாமா இது, கன்னுக்குட்டிய கட்டற மாதிரி?"

"வூட்ல தறிக்குழி இருக்குது மொதலாளி. நான் தறில குந்திகினு இருக்கறப்ப தவழ்ந்து வந்து உள்ள வுழுந்துடுவான். அதனால தூண்ல கட்டிடுவேன். கை பழகிடுச்சி. கட்டாம வுட்டா மனசு கேக்க மாட்டேங்குது."

"இது தறிக்குழியாமா? மெட்ராஸ் வண்டி!" என்றார் கந்தசாமி பெருமையாக. கடையில் இருந்த மற்ற பெண்களும் சிரித்தார்கள். தேவகியும் சிரித்துக்கொண்டே முடிச்சை இன்னும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஐப்பசி பிறந்தது. இனிப் பொறுக்க முடியாது என்று ஒரு வியாழக்கிழமை கந்தசாமி வீட்டில் கையேந்தாத குறையாகக் கேட்டார்.

"ஒரே ஒரு தபா வந்து நில்லு. ஒண்ணும் வாங்க வேணாம். நீ வந்தன்னு நாலு பேர் பாத்தா போதும்."

அபிதகுசாம்பாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து மாதத்தில் மனுஷன் இளைத்திருந்தார் போலிருக்கிறது.

"வண்டிங்கள நல்லா கழுவி வெய்யில்ல காய வெச்சீங்கன்னா, நாளிக்கு வாசல் வரிக்கும் வரேன். உள்ள வர மாட்டேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருக் குழாயடியில் மூன்று வண்டிகளையும் தேய்த்துக் கழுவினார். கழுவி வெயிலில் காய வைத்துத் தள்ளிப் பார்த்தால், தண்ணீர் ஏறிய சக்கரங்கள் கிறீச் கிறீச்சென்று அலறின. நெசவாளி காது ஒன்றையும் பொறுத்துக்கொள்ளும், கிறீச்சிடுகிற சாமானை மட்டும் பொறுக்காது. சத்தம் போடுகிற தறியை வைத்திருப்பவனைக் கொசப்பாளையத்தில் மதிக்கவே மாட்டார்கள். கந்தசாமியும் பதினைந்து வயதில் தறியில் உட்கார்ந்தவர்தான். தையல் மிஷின் எண்ணெய் டப்பாவை எடுத்துக் கை ஓய்கிற வரை விட்டார். விரலால் தொட்டார். வண்டி சத்தமே இல்லாமல் அலமாரி வரை போய் நின்றது. அவள் வருகிற நாளில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பூரித்துப் போனார்.

பத்து மணிக்கு அபிதகுசாம்பாள் வந்தாள். அரக்குப் பட்டுப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. சொன்ன சொல் தவறாமல் சரிவின் அடியில், தெருவோரமாக வந்து நின்றாள். ஒரு அடி கூட மேலே வைக்கவில்லை. எதிர்க் கடையில் பொன்னுசாமி தராசைப் பிடித்த கையோடு எழுந்து நின்று பார்த்தான். கந்தசாமி கல்லாவிலிருந்து எழுந்தார். என்ன சொல்லி அழைப்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்த நேரத்தில் தேவகி வாசல் பக்கத்து அலமாரியின் எதிரே இருந்தாள். வண்டியில் மாணிக்கவேல், பக்கத்தில் ஒரு பாக்கெட் ரவை. அங்கே தரை வாசலை நோக்கி லேசாகச் சாய்ந்திருந்ததால், வழக்கம் போல் சக்கரத்துக்கு முன்னால் தன் பாதத்தை முட்டுக் கொடுத்திருந்தாள். மேல் தட்டில் இருந்த அப்பளக் கட்டு எட்டவில்லை. எக்கினாள். பாதம் அரை அடி நகர்ந்தது.

வண்டி கிளம்பிவிட்டது.

எண்ணெய் விடாமல் இருந்திருந்தால் கிறீச்சென்று கத்தியிருக்கும், யாராவது திரும்பியிருப்பார்கள். இப்போது ஒரு சத்தமும் இல்லை. கந்தசாமி பார்த்தபோது வண்டி வாசலைத் தாண்டிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. மாணிக்கவேல் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். தெருவில் கண்ணமங்கலம் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கந்தசாமி கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

அபிதகுசாம்பாள் எதையும் யோசித்த மாதிரி தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டி வண்டியின் முன் விளிம்பைப் பிடித்தாள். வேகத்தில் வண்டி அவளை இரண்டடி பின்னால் தள்ளியது. அவளுடைய குதிகால் தெருவில் தேய்ந்து நின்றது. வண்டி சட்டென்று நின்றதில் பையன் தலைகுப்புற முன்னால் பாய்ந்தான். பாதி உடம்பு விளிம்புக்கு வெளியே வந்துவிட்டது. அரைஞாணில் கட்டியிருந்த பட்டுக் கயிறு விண்ணென்று இழுத்துப் பிடித்தது. பையன் அந்தரத்தில் ஒரு கணம் தொங்கி அவள் மார்பில் வந்து விழுந்தான். பஸ் அவள் முதுகுக்குப் பின்னால் காற்றடித்துக்கொண்டு போயிற்று.

அப்புறம்தான் பையன் அழுதான். அழுத கையோடு அரக்குப் பட்டை நனைத்தும் வைத்தான்.

கூட்டம் கூட எவ்வளவு நேரம் ஆகும்? காய்கறி வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், தராசோடு பொன்னுசாமி, எல்லோரும் வந்துவிட்டார்கள். ஓடி வந்த தேவகியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

"புள்ளைய வுட்டுட்டு எங்கமா வாய் பாத்துகினு இருந்த?"

"பெத்தவளுக்கு இந்த அஜாக்கிரதையா?"

"இல்லீங்க, காலு வெச்சித்தான் இருந்தேன்..." என்றாள் தேவகி. தேம்பினாள்.

கந்தசாமி சரிவில் இறங்கி வந்து நின்றார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி தேவகியோடு போய்விடும், கடை பெயர் தப்பிக்கும். எதிரே பொன்னுசாமி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். வண்டிக்குப் பக்கத்தில் அபிதகுசாம்பாள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ண யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் கந்தசாமி. குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "தப்பு எம் மேல. காலைல சக்கரத்துக்கு நான்தான் எண்ணெ வுட்டேன். கொஞ்ச நஞ்சமில்ல, டப்பா பூராவும். இந்தச் சரிவ போட்டதும் நான்தான். புள்ளைங்கள ஏத்தக் கூடாதுன்னு தெரிஞ்சும் வியாபாரத்துக்காக ஏத்த வுட்டதும் நான்தான். அந்தக் கயித்த பாத்து சிரிச்சேன். அது இல்லன்னா இன்னிக்கி..."

மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னுசாமி மட்டும், "வண்டிக்கி எண்ணெயா! தறிக்காரன் புத்தி போவுமா?" என்று சிரித்தான். கூட ஒருவரும் சிரிக்கவில்லை. அபிதகுசாம்பாள் அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவன் தராசைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினான்.

அவள் முடிச்சை அவிழ்த்து, பையனைத் தேவகியிடம் கொடுத்தாள்.

"அழுவாத. முடிச்சி நல்லா போட்டிருக்க" என்றாள்.

பிறகு வண்டியைச் சுற்றி வந்து, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சப்பிய அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். சரிவில் மேல் நோக்கித் தள்ள ஆரம்பித்தாள். எண்ணெய் போட்ட சக்கரம் எளிதாக ஏறியது. கந்தசாமி ஒதுங்கி வழிவிட்டார். மேலே ஏறியதும் ஒரு கணம் நின்று, வலது காலை முதலில் எடுத்து வைத்து உள்ளே போனாள். கல்யாணமான அன்று அவள் தன் வீட்டுக்குள் அப்படித்தான் வந்தாள் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

உள்ளே அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டு போனவள், இரண்டு கட்டித் துணி சோப்பும் ஒரு தேங்காய் நாரும் ஒரு பாட்டில் பினாயிலும் எடுத்து வண்டியில் போட்டாள். கல்லாவுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பில்லு போடுங்க" என்றாள்.

கந்தசாமி பேனாவைத் தேடினார். அது அவர் காதிலேயே இருந்தது.

"அப்பிடியே வெந்நீ வெக்கச் சொல்லுங்க. கைப்பிடி பூரா கழுவணும். புள்ளைங்களுக்கு ஒரு வண்டி தனியா இருக்கட்டும், அதுல சாமான் வெக்கக் கூடாது. கீழ ஒரு துணி விரிச்சி, அரைஞாண்ல கட்டிட்டுத்தான் தள்ளணும். கயிறு நான் முறுக்கித் தரேன். மொதல்ல கொத்தனார வரச் சொல்லி வாசப்படிய கட்டுங்க."

"படி கட்டினா வண்டி தெருவுக்கு எறங்காதே" என்றார் கந்தசாமி மெதுவாக.

"எறங்க வேணாம்" என்றாள் அபிதகுசாம்பாள். பையில் சோப்பை வைத்துக்கொண்டே, "அந்த எண்ணெ டப்பாவ இப்பிடி குடுங்க" என்று கையை நீட்டினாள்.