கூடையில் ஏறிய ஒற்றை ஷூ

எங்கள் கடையில் அந்தப் பெரிய கிளாசில் பீர் வேண்டுமென்றால் ஒரு கால் ஷூவைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். கிளாஸ் ஒரு முழம் உயரம், மரத்தாங்கியில்தான் நிற்கும். மாமனார் காலத்தில் பெல்ஜியத்தின் இந்தக் கென்ட் நகரத்துக்கு வந்த பாதிப் பேர் அதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கம்பி நீட்டியிருக்கிறார்கள். மனுஷன் கடுப்பாகி, ஒரு கூடையில் கயிறு கட்டி உத்தரத்தில் மாட்டினார். ஷூ கூடைக்குள் போகும், கூடை மேலே போகும், கிளாஸ் பத்திரமாகக் கைக்கு வந்தால்தான் கீழே இறங்கும். கயிறு இப்போது என் கையில். பார்க்கிறவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கிலாந்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. அவர் பெயர் ட்ரெவர். உள்ளே கால் வைக்கும்போதே தம்பட்டம்.

"எங்க வீட்டம்மாவுக்கு இன்னைக்கு அறுபதாவது பிறந்தநாள்! வெளிநாட்டுல கொண்டாடணும்னு கூட்டிட்டு வந்திருக்கேன்!"

சொல்லிவிட்டு எல்லாரும் கை தட்டட்டும் என்று நின்றார், ஏதோ அந்த அறுபது வருஷத்தையும் இவரே இழுத்துக்கொண்டு வந்த மாதிரி. பின்னால் கிளெனிஸ், ஈரக்குடையை மடக்கிக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். தினமும் மூலை மேஜையிலேயே கிடக்கும் ஆர்சீன் கிழவர் மட்டும் கை தட்டினார். அவர் எதற்கும் கை தட்டுவார்.

காலையில் கோட்டைக்குப் போனார்களாம். அந்தக் காலத்தில் மனுஷனைச் சித்திரவதை பண்ணிய சாமான்களையெல்லாம் ட்ரெவர் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாராம். அப்புறம் பழைய மில் மெஷின்கள் வைத்திருக்கும் மியூசியம், அதுவும் அவர் இஷ்டம். கதை கேட்டுக்கொண்டே பீரில் வேகவைத்த மாட்டிறைச்சியும் பொரித்த உருளைக்கிழங்கும் வைத்தேன். ட்ரெவர் மூக்குப்பிடிக்கத் தின்றார். பெரிய கிளாசையும் கேட்டார்.

"ஷூ," என்று கையை நீட்டினேன்.

அவர் தன் காலைப் பார்த்தார். பளபளவென்று புது லெதர். "இவளோடத எடுத்துக்கோங்க. பிறந்தநாள்காரி இவதானே? இந்த மரியாதை இவளுக்குத்தான் சேரணும்!"

"குடிக்கிறவங்க ஷூதான் கணக்கு," என்றேன்.

"நானும் அவளும் வேற வேறயா?" என்றார். கடையே சிரித்தது. அவள் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள். நான் கூடையில் போட்டு இழுத்தேன். வழக்கம்போல எல்லாரும் ஓ என்று கத்தினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு கால் ஷூவும் ஒரு கால் சாக்ஸுமாக நொண்டிக்கொண்டு கவுன்டருக்கு வந்தாள்.

"பாலத்துக்கு அந்தாண்ட இருக்கிற ஓவிய மியூசியம் எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"ஆறு மணி. என் நாத்தனார் அங்கதான் வேலை பார்க்கிறா. ஏன்?"

கைப்பையிலிருந்து ஒரு படக்கார்டை எடுத்தாள். முக்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவுகிற ஒரு பெண். படம் முழுக்க வெளிறிப்போய் ஒரே நீலம்.

"என் சிநேகிதி அனுப்பினது. முப்பது வருஷமா சமையல்கட்டு ஜன்னல்ல இருக்கு. வெயில் குடிச்சு எல்லாம் நீலமாயிடுச்சு. இந்தப் பாவாடை அசல்ல என்ன கலரா இருக்கும்னு பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசிப்பேன். அதைப் பார்க்கணும்னுதான் இந்த ஊருக்கே அடம்பிடிச்சேன். வேற எதுக்கும் நான் அடம்பிடிச்சது கிடையாது."

"அட, போய்ப் பாருங்களேன்! கூப்பிடு தூரம்தான்."

"அவர் முடிச்சிடட்டும். ராத்திரிதானே பஸ்ஸு."

அவர் எங்கே முடிக்கிறார்! ஆர்சீனுக்குத் தன் கார் கதையைச் சொல்லி, கால்பந்துக் கதையைச் சொல்லி, நடுவில் ஒரு வாய் பீர். அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள், கிளாசைப் பார்ப்பாள். மேலே கூடை ஆடிக்கொண்டிருந்தது. "ஏங்க, நான் மட்டும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துடவா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஒத்தைக் காலோடயா?" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாராவது சட்டமாவது! கயிற்றை அவிழ்த்துக் கூடையை இறக்கினேன். அது மேஜைக்கு மேலே வரும்போதே ட்ரெவர் எட்டி ஷூவைப் பிடுங்கித் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"கிளாஸ் இன்னும் காலியாகல! ஆட்டம்னா ஆட்டம்!"

ஆர்சீன் கை தட்டினார்.

"யோவ் கிழவா, வாயில பீரை ஊத்திக்கிட்டுச் சும்மா கெட!" என்று கத்தினேன். ட்ரெவர் பக்கம் திரும்பினேன். "ஏன் சார், அந்தம்மாவோட பிறந்தநாளா, உங்களோடதா? குடுங்க அதை!"

"விளையாட்டைப் புரிஞ்சுக்கோங்க மேடம். ஜாலியா இருக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

"விடுங்கம்மா," என்று கிளெனிஸ் என் கையைப் பிடித்தாள். "பிறந்தநாளும் அதுவுமா சண்டை வேண்டாம்."

நான் என் ஷூ இரண்டையும் உதறித் தள்ளினேன். "போட்டுக்கோங்க. என் கால் படகு மாதிரி, உங்களுக்குத் தொளதொளன்னுதான் இருக்கும். லேஸை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடுங்க. பார்க்காம வராதீங்க."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி, மழையில் டப்பு டப்பென்று ஓடினாள். நான் சாக்ஸோடு ஈரத்தரையில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஆறு மணி தாண்டியதும் கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் அன்னெமி வந்தாள். யூனிஃபார்மோடு நேரே கவுன்டருக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, முதல்ல ஒரு பீரை ஊத்துங்க. மனசே சரியில்ல. இன்னைக்கு எனக்கு வாசல் டியூட்டி. கடைசி ஆளை உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டேன், யாரோ ஒரு அம்மா வந்து கண்ணாடியைத் தட்டுறாங்க. மூடறதுக்கு அரை மணி முன்னாடியே சாத்திடணும், அதானே ரூலு? நாளைக்கு வாங்கன்னேன். நாளைக்குத் திங்கள், லீவுன்னு அப்புறம்தான் உறைச்சது. ஒரு நிமிஷம் விடுங்க, ஒரே ஒரு படம்னு கெஞ்சினாங்க. கேமரா இருக்கே, நான் என்ன பண்றது? பாவம், கால்ல எவளோ ஒருத்தியோட பெரிய ஷூ..."

அப்போதுதான் என் சாக்ஸைப் பார்த்தாள்.

அரை மணி முன்னால் சாத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை இவளே இதே ஸ்டூலில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறாள்! கோபத்தில் மறந்து தொலைத்தேன்.

"அந்த ஆப்பிள் சீவுற பொம்பளை, அவ பாவாடை என்ன கலருடி?" என்று குரலை இறக்கிக் கேட்டேன்.

"சிவப்பு. நல்ல ரத்தச் சிவப்பு. மத்த நாளெல்லாம் அதுக்கு எதிர்லதானே நிக்கிறேன். ஏன் அண்ணி?"

கதவு திறந்தது. கிளெனிஸ். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இவ்வளவு நேரமும் எங்கேயோ மழையில் நின்றிருக்க வேண்டும். கவுன்டரில் அன்னெமியைப் பார்த்தாள், ஒரு கணம் நின்றாள், அப்புறம் நேரே கணவனின் மேஜைக்குப் போனாள்.

"என்ன, பார்த்தாச்சா?" என்றார் ட்ரெவர்.

"பார்த்தேங்க. ரொம்ப அழகா இருந்துச்சு."

"கலரு?"

"நீலம்தான்."

ட்ரெவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "நான் என்ன சொன்னேன்! முப்பது வருஷமா சொல்றேன், கண்ணுக்கு நீலமாத் தெரியறது நீலம்தான்னு. கேட்டாத்தானே! இதுக்குப் போய் அவ்வளவு ஆர்ப்பாட்டம்."

அன்னெமி வாயைத் திறந்தாள். நான் அவள் காலை நறுக்கென்று மிதித்தேன்.

கிளெனிஸ் என் ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உள்ளே பேப்பர் நாப்கின் வைத்துத் துடைத்திருந்தாள். "நனைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க." அன்னெமி பக்கம் பார்க்காமலே கேட்டாள்: "இவங்களுக்கு அது என்ன கலருன்னு தெரியும், இல்ல?"

"தெரியும்மா," என்றாள் அன்னெமி.

"சொல்லிடாதீங்க. ஊருக்குப் போனா அந்தக் கார்டு முன்னாடிதான் நான் பாத்திரம் கழுவணும்."

அவள் போய்த் தன் ஷூவைக் கேட்டு வாங்கி, மாட்டி, லேஸைக் கட்டிக்கொண்டு கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ட்ரெவர் கடைசி வாயைக் குடித்துவிட்டுக் காலி கிளாசைத் தூக்கிக் காட்டினார். "மியூசியம் ஆச்சு, சாப்பாடு ஆச்சு, பீர் ஆச்சு. இதைவிட ஒரு பிறந்தநாள் வேணுமா? மேடம், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. இதே மாதிரி இன்னொண்ணு!"

அப்புறம் பக்கத்தில் திரும்பாமலே சொன்னார்: "கிளெனிஸ், ஷூ."

அவள் குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள்.