ரெண்டு பேர் கனம்

"பின்னாடி எவ்வளவு கனம் ஏறும் சார்?" காருக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது. கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "அதப் பொறுத்துதான் ஸ்பிரிங் போடணும். குத்துமதிப்பா சொல்லாதீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தார். பலகைக் கட்டில், தண்ணீர் கேன், அடுப்பு, இரண்டாவது பேட்டரி. "அப்புறம் ஆளுங்க."

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"மேடம் வந்துட்டாங்களா?"

"வந்துருவாங்க."

காருக்கு அடியில் ஸ்பானர் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. "பாத்துக்குங்க சார். கெட்டி ஸ்பிரிங்கப் போட்டுட்டு ஆளில்லாம ஓட்டினா தூக்கித் தூக்கிப் போடும்."

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர் அவர். பெரிய கட்டடங்களின் இருட்டுக் கிணறுகளுக்குள் கயிற்றையும் கப்பியையும் பார்த்தே காலம் போயிற்று. "மேல போறீங்க, கீழ வர்றீங்க. ஒரு தடவையாவது நேரா எங்கயாவது போவோமே," என்று கேலியாக ஆரம்பித்தவள் மனைவிதான். அவர் ஓய்வுபெற்ற மாதத்தில் இந்தப் பழைய வேகனைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு, பின் சீட்டை எடுத்துவிட்டால் காலை நீட்டிப் படுக்கலாம், தார் ரோடு முடிகிற இடத்தில் திரும்பி வர வேண்டியதில்லை என்று அவருக்கே பாடம் எடுத்தாள். அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்த மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. பிரசவத்துக்கென்று விமானம் ஏறியவள் மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லிப் போனாள். டிக்கெட்டை மூன்று முறை மாற்றினாள். இப்போது இருபது மாதம்.

அவர் வேலையை நிறுத்தவில்லை. அட்டையை வெட்டி உள்ளே வைத்துப் பார்த்து, பின்சக்கரத்துக்கு மேலே புடைத்திருக்கும் மேட்டின் வளைவுக்கு ஏற்றபடி பலகையை அறுத்தார். கட்டிலுக்கு அடியில் இரண்டு இழுப்பறைகள்: வலப்பக்கம் சமையல் சாமான், இடப்பக்கம் அவளுடைய துணிமணி. இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்க இரும்புத் தகடு, சேற்றைக் கவ்வும் முரட்டு டயர். மாடிவீட்டுக்காரர் வாசலில் நின்று, "வீட்டையே உள்ள கொண்டு போயிருவீங்க போலருக்கே. எங்கள மட்டும் விட்டுட்டுப் போயிருங்க," என்று சிரிப்பார். இவரும் சிரிப்பார். அன்று பேசுகிற ஒரே பேச்சு சில நாள் அதுவாகத்தான் இருக்கும்.

புது ஸ்பிரிங்கோடு வண்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்து வந்ததை வீடியோ அழைப்பில் மனைவிக்குக் காட்டினார். அவள் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். கண் திரைக்கும் அடுப்புக்கும் போய்ப் போய் வந்தது.

"இவ்ளோ உசரமா? என் முட்டிய வச்சுக்கிட்டு எப்படிங்க ஏறுவேன்?"

அந்த ஒரு கேள்விக்காக மூன்று நாள் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து, மடக்கி வைக்கிற ஒரு படி செய்து வாங்கினார். எப்படி ஏறுவேன் என்றால் ஏறப்போகிறாள் என்றுதானே அர்த்தம்.

வெள்ளோட்டத்துக்குத் தனியாகப் போனார். மலைக்குப் பின்னால் ஒரு ஏரி இருப்பதாக மெக்கானிக் வழி சொல்லியிருந்தான். தார் ரோடு முடிந்து மண் தடம் தொடங்கியதும் வண்டி அவன் சொன்னபடியே தூக்கிப் போட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் எம்பி இறங்கியது. இழுப்பறையில் பாத்திரங்கள் சண்டை போட்டன. மதியம் ஒரு தாழ்வான இடத்தில், காய்ந்த தரை போலத் தெரிந்த சேற்றில் இடது சக்கரங்கள் இரண்டும் இறங்கின. பதறி ஆக்ஸிலேட்டரை மிதித்ததில் இன்னும் புதைந்தது. இன்ஜினை அணைத்தார். சுற்றிலும் மனித வாடையே இல்லை.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கதவில் வாய் வைத்து ஒரு வாக்கியம் சொல்வார். உள்ளே கதறல் அடங்கும். அதை இப்போது யாருமில்லாத அந்தப் பள்ளத்தில் வாய்விட்டுச் சொன்னார். "பயப்படாதீங்க. வெளிய எடுத்துடறேன்." சொன்ன பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

டயர் அகன்று மண்ணைப் பிடிக்கட்டும் என்று நாலு சக்கரத்திலும் காற்றைப் பாதிக்குக் குறைத்தார். சக்கரத்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டி, இழுப்பறைப் பலகைகளைக் கழற்றி அடியில் திணித்தார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் மெதுவாக, மிக மெதுவாகக் காலை அழுத்தியபோது வண்டி ஒரு மாடு எழுவது போல பின்காலை ஊன்றி எழுந்து வெளியே வந்தது. அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினார். கத்தியதும், இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மேட்டின் உச்சியில் ஒற்றைக் கோடு சிக்னல் கிடைத்தது. அவள் உடனே எடுத்தாள். சேறு, காற்று, பலகை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். "அடேயப்பா," என்றாள். "அடி எதுவும் படலயே? சாப்டீங்களா?" உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், குரலில் தெரிந்தது.

"என்னங்க. ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் இங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன்."

"பாப்பா இன்னும் கொஞ்சம் வளரட்டும்னா இருந்துட்டு வா. அவசரமில்ல."

"பாப்பாவுக்காக இல்லீங்க." அவள் நிதானமாகச் சொன்னாள். நிறைய நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் போல. "காலையில நடக்கப் போறேன். நாலு பேரத் தெரியுது. வாரத்துல ரெண்டு நாள் ஒரு துணிக்கடையில தைச்சுக் குடுக்குறேன். எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

முப்பத்து மூன்று வருட மணவாழ்க்கையில், எனக்குப் பிடிச்சிருக்கு என்று அவள் எதைப் பற்றியும் சொல்லிக் கேட்டதில்லை. உங்களுக்குப் பிடிக்குமே, பொண்ணுக்குப் பிடிக்குமே என்றுதான் சொல்வாள். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வந்திருந்தால் துணையாக இருந்திருக்கும்.

"நீங்களும் வந்துடுங்களேன். வண்டிய யார்கிட்டயாவது குடுத்துட்டு... கேக்குதா?"

"காத்து அடிக்குது," என்றார். "கேக்குது."

"யோசிச்சு சொல்லுங்க. இப்பவே வேணாம்."

"ம்."

"சாயங்காலம் குளிரும். ஸ்வெட்டர் இடப்பக்க டிராயர்ல இருக்கும், பாருங்க," என்றாள். மாற்றிக் கட்டிய பிறகு ஒரு முறைகூட நேரில் பார்க்காத வண்டியில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இருட்டுவதற்குள் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுத்தார். நினைத்ததைவிடச் சீக்கிரம் தூக்கம் வந்தது.

விடிந்து பின்கதவைத் தூக்கியபோது தண்ணீரின் மேல் பனி நின்றது. வண்டியைச் சுற்றி ஈர மண்ணெங்கும் குளம்புத் தடங்கள். பெரியதும் சின்னதுமாக ஒரு கூட்டமே வந்து போயிருந்தது. சில தடங்கள் அவர் தலை வைத்திருந்த ஜன்னலுக்கு ஒரு முழம் அருகே நின்று, மண்ணைக் கிளறி, ஆற அமரத் திரும்பியிருந்தன. இத்தனை மூச்சும் பக்கத்தில் இருந்திருக்கிறது, அவர் தூங்கியிருக்கிறார்.

செருப்பு போடாமல் இறங்கி அவற்றின் பின்னாலேயே நடந்தார். மண் சில்லென்றிருந்தது. தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி நேராகக் கரைக்குப் போய், தண்ணீருக்குள் இறங்கின. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை; நீந்தி அக்கரைக்குப் போயிருக்க வேண்டும். கணுக்கால் நனைகிற இடம் வரை போய் நின்று, பனிக்குள் தெரியாத மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.