அப்பாவுவின் ஆணி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்படச் சாலை. அங்கே கிரேன் ஓட்டுகிறவர்களின் அனுமதியைக் கவனித்துக்கொள்வது தசரதனின் வேலை. ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, அதை மாட்டப் பலகையில் ஆளுக்கு ஓர் ஆணி. மாதாமாதம் வரும் டாக்டர் ஆளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்து அனுமதியைப் புதுப்பிப்பார். கெடு தாண்டினால் வில்லையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட வேண்டும். அந்த ஆளுக்குக் கேபின் சாவி கிடையாது.

கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவு காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஓராண்டாகியும் அவன் வில்லையைத் திருப்ப தசரதனுக்கு மனம் வரவில்லை. ஆயுத பூஜைக்கு மற்ற வில்லைகளோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்தார்.

"இன்னா நைனா, செத்தவனுக்கும் ரினிவலா? டூட்டிக்கு வரச் சொல்லிக்கீறியா?" என்றான் மேஸ்திரி சம்பத்.

"கூட ஒக்காந்து சோறு துன்னவன்பா. இருந்துட்டுப் போவட்டும்."

அது எழுபத்தொன்றாம் ஆண்டு, கார்த்திகை மாதம். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில் உலையில் இரும்பு உருகித் தயாராக நின்றது. கிரேன் ஓட்ட வேண்டிய பஷீருதீனின் வில்லையோ அன்று காலையில்தான் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. டாக்டர் வந்த நாளிலெல்லாம் அவர் லீவு.

"அண்ணாத்தே, இன்னிக்கு மட்டும் சாவியக் குடு. அடுத்த தபா டாக்டராண்ட கண்டிப்பாப் போறேன்."

"ஏன் பாய், டாக்டருன்னா ஓடி ஒளியுற?"

"கீழ எறக்கிட்டாங்கன்னா ஊட்ல பொஞ்சாதி ஜுலைகா மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வரும் மனிதர். நோன்புக் கஞ்சியை எல்லாருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் குடிப்பவர். தசரதனின் மனம் இளகிவிட்டது. வில்லையை நேராகத் திருப்பிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார். கொக்கியில் சாவி இல்லை. அது அப்பாவுவின் ஆணியில், அவன் வில்லையின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாபகப் பிசகில் தானே மாட்டியிருப்போம் என்று எடுத்தார். அது யாரோ வெகுநேரம் கையில் பொத்தி வைத்திருந்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

பஷீருதீன் அதை வாங்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

மேலே, கூரையடியில் பூட்டிக் கிடந்த கேபினிலிருந்து மணி அடித்தது. இரண்டு தரம். பிறகு ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு இன்னொன்று.

கீழே இருந்தவர்கள் பழக்கத்தில் விலகி நின்றார்கள். அப்புறம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சனங்கள் ஒதுங்கட்டும் என்று அப்படி இடைவெளி விட்டு அடிக்கிறவன் ஒருவன்தான் இருந்தான்.

"அது அப்பாவு மணியாச்சே!" என்றான் சம்பத்.

தசரதன் ஓடிப்போய் பஷீருதீனின் கையைப் பற்றினார். "பாய், மேல பாரு. கேபின்ல யாராச்சும் கீறாங்களா?"

பஷீருதீன் அண்ணாந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"கேபினே தெரியல அண்ணாத்தே. நாலு மாசமா எல்லாம் பொகையா கீது. கையாலத் தடவித்தான் ஏறுறேன்."

உருகிய இரும்பு சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பஷீருதீன் சாவியைத் தசரதனின் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். பக்கத்துக் கொட்டகையில் கிரேன் ஓட்டும் துலுக்கானத்தை அழைத்து வந்து வார்த்து முடித்தார்கள்.

பஷீருதீனின் வில்லையை மறுபடி திருப்பி வைக்க தசரதன் பலகைக்கு வந்தார். அதை யாரோ ஏற்கெனவே சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார்கள். பக்கத்தில் அப்பாவுவின் வில்லையும் சுவரைப் பார்த்துத் திரும்பி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நேராக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்து, அந்த வில்லையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் தசரதன் லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குப் போனார். எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் பஷீருதீனைக் கைபிடித்து ஏற்றினார்.

"படி ஒசரம் பாய், பாத்து."

"நீ கூட கீறியே, அது போதும்" என்றார் பஷீருதீன்.

கண்டக்டர் மணி அடித்தார். இருவரும் சட்டென்று மேலே பார்த்தார்கள்.