பூச்சி அங்கிளின் யன்னல்

கதிரைமேல் ஏறி நின்று ஒஸ்வால்ட் தும்பிகளை வெட்டிக்கொண்டிருந்தார். யன்னல் திரையின் உள்பக்கம், கம்பியிலிருந்து அவை நூலில் தொங்கின. நீலத் தும்பி, மஞ்சள் தும்பி, ஒரு பக்கம் இறக்கை பின்னி முடியாத ஒன்று. வெட்டி விழுத்தியவற்றைக் கறுப்பு சொப்பிங் பேக்கில் போட்டார். குப்பை வண்டிக்குக் கொடுக்கிற பேக்.

தம்பி மனைவி மெற்றில்டா குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையுடன் நின்றாள். அவருக்கென்று ஊற்றியதுதான். கொடுக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

"தம்பிட பெட்டி பத்து மணிக்கு வந்திரும்," என்றார் அவர், திரும்பாமலே. "ஃபாதர் வருவார், ஹாபர்ல இருந்து ஆக்கள் வருவாங்க. இந்தச் சிலந்தியையும் பூரானையும் பாத்துக் கொட்டாஞ்சேனை முழுக்கச் சிரிக்கவா? முப்பது வருஷம் கப்பல்ல சாமான் இறக்கிற விஞ்ச் ஓட்டினவன் பிறெடி. ஆக்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்கோணும்."

"அவர் சிலந்தி செய்யேல்ல."

"என்ன?"

"சிலந்திக்கு எட்டுக் கால். அது பூச்சியில சேத்தியில்லையாம். பூரானும் அப்பிடித்தான். அவர் ரெண்டையும் தொடமாட்டார்."

ஒஸ்வால்ட் அடுத்த நூலை வெட்டினார்.

மூன்று வருடங்களுக்கு முன் பாரிசவாதம் பிறெடியின் வலது கையை மடக்கிப்போட்டது. விரல்கள் திரும்ப வேலை செய்யவேண்டுமென்றால் ஏதாவது பின்னுங்கள் என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவன் குரோஷே ஊசியைப் பிடிக்கப் பழகினான். முதலில் செய்தது ஒரு கரப்பான். மண்ணிற நூலில் பின்னி, பஞ்சு அடைத்து, ஆறு காலும் வைத்து முடிக்க இரண்டு மாதம் எடுத்தது. ஒரு பொம்மை செய்தால் என்ன என்று மெற்றில்டா கேட்டாள். "மனிசருக்கெண்டா முகம் சரியா வரோணும். பூச்சியிட முகத்தை ஆர் பாக்கிறது?" என்று கோணிய வாயால் சிரித்தான்.

போன நத்தாருக்கு, கோயிலில் கட்டும் பாலன் குடிலுக்கென்று வண்டு, எறும்பு, விட்டில் என்று இருபத்திரண்டு பின்னிக் கொடுத்தான். மாட்டுத்தொழுவம் என்றால் பூச்சி இல்லாமலா என்பது அவன் நியாயம். குடில் கமிட்டிக்குத் தலைவர் ஒஸ்வால்ட். மறுநாளே அவ்வளவும் ஒரு பையில் திரும்பி வந்தன. "ஒரு ஆம்பிளை பின்னினதெண்டு நான் எப்பிடித் தம்பி சொல்றது?"

அன்று பின்னேரம் யன்னல் திரையை இழுத்து மூடியது மெற்றில்டா. "உள்ளுக்கு இருந்து செய்யுங்க. ரோட்டால போறவங்க பாக்கிறாங்க."

அதன்பிறகு அவன் வெளிச்சம் போதாமல் ஊசியை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பின்னினான். முந்தாநாள் பின்னிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். இப்போது ஒஸ்வால்ட் ஏறி நிற்கிற அதே கதிரையில்.

வாசலில் வேன் வந்து நின்றது. ஒஸ்வால்ட் இறங்கி ஓடினார். மெற்றில்டா தேத்தண்ணியை அப்படியே கதிரையில் வைத்துவிட்டு பேக்குக்குள் கையை விட்டாள். அடியில் கரப்பான் கிடந்தது.

பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். ஒஸ்வால்ட் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கையுறைகளுக்குள் பிறெடியின் விரல்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. முகத்தைத் துடைக்கிற சாட்டில் குனிந்து, மெற்றில்டா கரப்பானை அவன் கோட்டின் மடிப்புக்குள் செருகினாள்.

எதிர்வீட்டு ஹமீமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானாட பூச்சியெல்லாம் எங்க?" என்று கேட்டாள். "எங்கட ரெண்டு பொம்புளப் புள்ளைகளும் அதை எண்ணிப்போட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவாங்க. நீங்க திரைய மூடின நாள்ல இருந்து ஒரே கேள்வி, பூச்சி அங்கிள் வூடு மாறிட்டாரோண்டு."

ரோட்டால் போகிறவர்கள். இந்த இரண்டு குழந்தைகளுக்கா மெற்றில்டா பயந்தாள்? காலையிலிருந்து ஒஸ்வால்டுக்கென்று பல்லுக்குள் கடித்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் அவள் பக்கமே திரும்பி நின்றன.

செபமாலை தொடங்கியது. ஒஸ்வால்ட்தான் முன்னின்று சொன்னார். மூன்றாவது தேவ இரகசியம் சொல்லும்போது, துறைமுகத்திலிருந்து வந்த வயதானவர் ஒருவர் குனிந்து பிறெடியின் நெற்றியைத் தொட்டார். கோட்டு விலகியது. மண்ணிறத்தில் ஒரு தலை எட்டிப்பார்த்தது. மின்விசிறிக் காற்றில் அதன் மீசை ஆடியது.

ஒஸ்வால்ட் செபத்தை நிறுத்தாமலே கையிலிருந்த புத்தகத்தைச் சுருட்டி ஓங்கி அடித்தார்.

சத்தம் தம்பியின் நெஞ்சிலிருந்து வந்தது.

செபம் பாதியில் நின்றது. கரப்பானின் முதுகு நசுங்கிக் கிடந்தது. பிறகு உள்ளேயிருந்த பஞ்சு மெல்ல உப்பி, பழையபடி ஆனது.

"அது சாகாது அண்ணே," என்றாள் மெற்றில்டா. "வேணுமெண்டா இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க."

"ஆக்கள் இருக்காங்க மெற்றில்டா."

"இருக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். இவ்வளவு நாளும் நான்தானே பாக்க விடேல்ல."

வயதானவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னும் குனிந்தார். "இது பிறெடி செய்ததா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கால்களை விரலால் எண்ணினார். "ஆறும் சரியா இருக்கு."

மெற்றில்டா வலது கையுறையைப் பிடித்து இழுத்தாள். இலேசில் வரவில்லை. ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். ஊசி அழுத்தி அழுத்திக் காய்த்த இடம் அப்படியே இருந்தது. அந்த விரலுக்குக் கீழே கரப்பானை வைத்தாள். கையுறையை ஒஸ்வால்டிடம் நீட்டினாள். வாங்கியவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

அவள் யன்னலுக்குப் போய்த் திரையை முழுதாக இழுத்துத் திறந்தாள். வெயில் கூடத்துக்குள் விழுந்தது. கம்பியில் வெட்டுப்பட்ட நூல்கள் மட்டும் தொங்கின.

எதிர்வீட்டு வாசற்படியில் ஹமீமாவின் பிள்ளைகள் இருவரும் எழுந்து நின்றார்கள். சின்னவள் விரலை நீட்டி நூல்களை எண்ணத் தொடங்கினாள்.